படுக்கையில் இருப்பவரிடம் பேசி என்ன ஆகும்?

'மனச்சோர்வு முத்திப்போய் ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, மாத்திரை கொடுக்கிறாங்க. இந்த நிலைமையில உட்கார வெச்சுப் பேசி என்ன ஆகப்போகுது?' உறவினர்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் எலிசபெத் ஷ்ராம் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்திருந்த 124 பேர். எல்லோருக்கும் மருந்து உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் ஐந்து வாரத்தில் 15 தனி அமர்வுகள், 8 குழு அமர்வுகள். அங்கே பேசியது இழப்பின் துக்கம், உறவில் சண்டை, வாழ்க்கை மாற்றங்கள் பற்றி. அதாவது, வீடு திரும்பியதும் மறுபடி எதிரே வந்து நிற்கப்போகிறவை.

ஐந்து வாரத்தில் இவர்களில் 70% பேர் நன்றாக முன்னேறினார்கள், மற்றவர்களில் 51%. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கணக்கு. தேறியவர்களில் மூன்று மாதத்துக்குள் மறுபடி சோர்வில் விழுந்தவர்கள் இங்கே 3%, அங்கே 25%.

ஒரே ஆய்வை வைத்துத் துள்ள வேண்டாம். 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிம் கைப்பர்ஸ் குழு, 2011-இல், பேச்சு சிகிச்சையின் கூடுதல் பலன் சிறியது, ஆனால் உண்டு என்றது: சுமார் ஆறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பலன்.

ஆகவே 'மருந்தா, பேச்சா' என்பது தப்பான கேள்வி. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே, 'பேச்சு சிகிச்சையும் உண்டா, வீட்டுக்குப் போன பிறகும் தொடருமா?' என்று டாக்டரிடம் கேளுங்க.