பூக்காரம்மா பேசுகிறாரா, விற்கிறாரா?

அச்சன்புதூர்ச் சிட்டே, காலையில் உன் தெருவுக்குப் பூக்காரம்மா வருகிறார். "மல்லீ... பிச்சீ..." குரல் முன்னே வருகிறது, கூடை பின்னே வருகிறது. அவர் இப்போது என்ன செய்கிறார்? பேசுகிறாரா, விற்கிறாரா?

இரண்டும்தான் என்றாயா? கெட்டிக்காரப் பிள்ளை!

இந்த இரண்டுக்கும் பழந்தமிழில் ஒரே வினைச்சொல் உண்டு: பகர்தல். பகர்ந்தான் என்றால் சொன்னான். பகர்ந்தான் என்றால் விற்றான் என்றும் பொருள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தெருக்களில் பூவும் வாசனைப் பொடியும் விற்றுத் திரிந்தவர்களை இளங்கோவடிகள் 'பகர்வனர்' என்கிறார். இன்றைக்கும் நாம் கடையில், "மாம்பழம் என்ன விலை சொல்றீங்க?" என்றுதானே கேட்கிறோம்!

சரி, பூக்காரம்மா 'மல்லி' என்று சட்டென முடிக்காமல் ஏன் இழுக்கிறார்?

தொண்டையில் விரல் வைத்து 'ஈ' சொல்லு. அதிர்கிறதா? காற்று வாயில் எங்கும் தடைபடவில்லை. அதனால் உயிரெழுத்து உரக்கக் கேட்கும். மூச்சு உள்ளவரை நீட்டலாம். இப்போது 'ப்' சொல்லு. உதடு மூடியது, ஒலி நின்றது. அதை நீட்டிப் பார், முடியாது.

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். சுத்தியல் படும் அடி ஒரு கணம்தான். பின்னால் வரும் ரீங்காரம்தான் மைதானத்தின் கடைசி வரை ஓடும். பூக்காரம்மாவின் 'ஈ' அந்த ரீங்காரம். யாரும் பாடம் நடத்தாமலே அவர் அறிந்துவைத்திருக்கும் ஒலியியல் இது. புரிந்ததா?

பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போயிருக்கிறாயா? அங்கே ஏலம் கேட்கும்போது வாய்ச்சொல்லிலேயே விலை ஏறும், பட்டம் ஏறுவதுபோல. ஏறிய விலை ஓரிடத்தில் நிற்க வேண்டுமே! அதற்கு நம் பக்கத்தில் அழகான ஒரு சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்: திகைதல். விலை திகைந்தது என்றால் வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்டார்கள் என்று பொருள். கவனி, திகைந்தது வேறு, திகைத்தது வேறு. ஓர் எழுத்துதான் மாறியது. குற்றாலத்தில் மங்குஸ்தான் விலையைக் கேட்டு உன் ஆச்சி திகைத்தால், விலை திகையவில்லை!

"திகையலையே" என்று ஆச்சி நகர்வார். நாலடி வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், நீட்டி.

"ஆச்சீ... இங்க வாங்க, நீங்களே ஒரு விலை சொல்லுங்க!"