ஜெர்ரி ரைஸுக்கு அடுத்து யார்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஜெர்ரி ரைஸ் பிடித்த பாஸ்கள் 1,549. அவற்றின் மூலம் அவர் கடந்த தூரம் 22,895 யார்டு. பட்டியலில் அடுத்து நிற்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, அரிசோனா கார்டினல்ஸ் அணிக்காக 17 சீசன் ஆடி முடித்தவர். அவர் சேர்த்தது 17,492. நடுவே 5,403 யார்டு. ஒரு சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டினாலே வைட் ரிசீவரை நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இன்னும் ஐந்து சீசன் ஆடியிருந்தாலும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அந்த இடைவெளி நிரம்பியிருக்காது.

அதனால்தான் எக்காலத்திலும் சிறந்த வைட் ரிசீவர் யார் என்று கேட்டால் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே பெயர் வருகிறது. 2010இல் என்.எஃப்.எல். நெட்வொர்க் தொலைக்காட்சி, எந்த இடத்தில் ஆடியவர் என்று பார்க்காமல் எல்லா வீரர்களிலிருந்தும் நூறு பேரை வரிசைப்படுத்தியது. அதிலும் முதலிடம் ரைஸுக்குத்தான். விவாதம் சூடுபிடிப்பது இரண்டாம் இடத்தில். அங்கே ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வேறொரு அளவுகோல் இருக்கும்.

அதற்குள் போகுமுன் இந்த ஆட்டக்காரரின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். மைதானம் நூறு யார்டு நீளம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். மைதானத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்து ஓடி, அவர் எறிவதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். எதிரே நிற்கும் கார்னர்பேக் அதைக் கெடுக்கப் பார்ப்பார். எல்லாம் மூன்று வினாடிச் சமாசாரம். பல நேரம் ரிசீவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போயிருக்கும். பிடித்தால் மட்டும் போதாது. இரண்டு பாதமும் கோட்டுக்குள் பதிய வேண்டும்.

இங்கேதான் வரிசைப்படுத்துவதன் சிக்கல் தொடங்குகிறது. ரிசீவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனக்குத் தானே பந்து எறிந்துகொள்ள முடியாது. எறிபவர் நல்லவராக இருக்க வேண்டும். அவரை முன்வரிசை வீரர்கள் காக்க வேண்டும். பயிற்சியாளர் பாஸை நம்புபவராக இருக்க வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் ரிசீவர் பெயருக்கு நேரே எழுதப்படும் யார்டுகளில் இவர்கள் எல்லோருக்கும் பங்குண்டு.

காலமும் சேர்ந்து குழப்பும். 1961 முதல் 14 ஆட்டமாக இருந்த சீசன் 1978இல் 16 ஆனது. 2021 முதல் 17. அதைவிடப் பெரிய மாற்றம் விதியில் வந்தது. 1970களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுண்ட் போன்ற கார்னர்பேக்குகள் ரிசீவரை வழி நெடுக இடித்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். பந்து வானில் ஏறும்வரை அது தப்பில்லை. 1978இல் லீக் அதற்குக் கடிவாளம் போட்டது. முதல் ஐந்து யார்டுக்குள் மட்டும் இடிக்கலாம்; அதற்கு அப்பால் கை வைத்தால் தண்டனை. அந்த விதிக்கு ‘மெல் பிளவுண்ட் விதி’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு பாஸ் ஆட்டம் வளர்ந்த வேகத்தில் பழையவர்களின் எண்களெல்லாம் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தன.

பால் வார்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் மயாமி டால்பின்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வென்றது. அந்தச் சாதனையை இன்றுவரை எந்த அணியும் எட்டவில்லை. அந்த லீக் சீசன் முழுக்க வார்ஃபீல்டு பிடித்தவை 29 பாஸ்தான். இன்றைய நட்சத்திரம் ஒருவர் நான்கே ஆட்டத்தில் அதைத் தாண்டிவிடுவார். ஆனால் அந்த 29இல் 606 யார்டு கிடைத்தது. ஒரு பிடிக்கு ஏறக்குறைய 21 யார்டு. அவர் ஓடினாலே எதிரணித் தற்காப்பு பின்வாங்கும். அந்த இடைவெளியில் டால்பின்ஸ் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வென்றது. மொத்த யார்டை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவர்களின் கண்ணில் வார்ஃபீல்டு படவே மாட்டார். 2019இல் லீக்கின் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்து ரிசீவர்களில் ஒருவராக அவரைச் சேர்த்தார்கள். அதே பட்டியலில், 15,934 யார்டும் 153 டச்டவுனும் எடுத்த டெரல் ஓவன்ஸுக்கு இடம் இல்லை. ஓவன்ஸை விட்டது தவறு என்பது என் கருத்து; சக வீரர்களோடும் பயிற்சியாளர்களோடும் அவர் போட்ட சண்டைகள் அவரது ஆட்டத்தை மறைத்துவிட்டன.

அப்படியானால் கால வேறுபாட்டை எப்படிக் கழிப்பது? ஒரு வழி, அவரவர் காலத்து ஆட்டக்காரர்களிடமிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்று பார்ப்பது. அந்த அளவுகோலில் டான் ஹட்சனை யாரும் நெருங்க முடியாது. கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக 1935 முதல் 1945 வரை ஆடினார். 1942இல் அவர் பிடித்தவை 74 பாஸ். லீக்கில் அவருக்கு அடுத்து வந்தவர் பிடித்தவை 27. எட்டு சீசன்களில் அதிகப் பிடிகள் அவருடையவை. அவர் பிடித்த 99 டச்டவுன்களை முறியடிக்க 1989 வரை ஆனது. அதைச் செய்த ஸ்டீவ் லார்ஜென்ட் நூறாவதோடு நின்றுவிட்டார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே பிராட்மன் நினைவுக்கு வருவார். ஹட்சன் தற்காப்பிலும் ஆடினார், கோலும் உதைத்தார். 1945இல் டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 29 புள்ளி எடுத்தார்.

ஆனாலும் இரண்டாம் இடத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. அணி முதலாளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1946இல் கென்னி வாஷிங்டனும் உட்டி ஸ்ட்ரோடும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு வந்தபோது ஹட்சன் ஓய்வுபெற்றிருந்தார். அதாவது அவர் ஆடிய காலம் முழுவதும் அந்த நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களில் பலர் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். போர்க்காலத்தில் மீதி இருந்தவர்களிலும் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். ஹட்சனின் குற்றமல்ல இது. ஆனால் 74க்கும் 27க்கும் நடுவே உள்ள தூரத்தில் இதற்கும் பங்கிருக்கிறது.

என் கணக்கில் இரண்டாம் இடம் ராண்டி மாஸுக்கு. எதிரணிகளை அவர் என்ன செய்யவைத்தார் என்பதே காரணம். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 1998இல், பழைய வழக்குகளைக் காரணம் காட்டி ஒவ்வொரு அணியாக அவரைத் தாண்டிப் போயின. 21ஆவது ஆளாக மின்னசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது. தாண்டிப் போன அணிகளில் டாலஸ் கவ்பாய்ஸும் ஒன்று. அதே ஆண்டு நவம்பர் 26, நன்றி நவிலல் நாள். அமெரிக்கக் குடும்பங்கள் டிவி முன்னால் கூடியிருக்கும் மதியம். ஆட்டம் டாலஸில். மாஸ் அன்று பிடித்தவை மூன்றே மூன்று பாஸ். 51 யார்டு, 56 யார்டு, 56 யார்டு. மூன்றும் டச்டவுன். ஆறடி நான்கு அங்குல உயரம், நீண்ட எட்டு, பந்து கடைசி நொடியில் வரும்வரை தூக்காத கைகள். கைகள் தூக்கப்படாததால் பின்னால் ஓடிவரும் கார்னர்பேக்குக்குப் பந்து வருவதே தெரியாது. அந்த முதல் சீசனில் அவர் 17 டச்டவுன் பிடித்தார். புதியவர் யாரும் அதுவரை அவ்வளவு பிடித்ததில்லை. அதே பிரிவில் ஆடும் கிரீன் பே, அவரிடம் அடி வாங்கிய பிறகு, 1999 டிராஃப்டின் முதல் மூன்று சுற்றிலும் தற்காப்புப் பின்வரிசை வீரர்களையே எடுத்தது. ஒரு ரிசீவருக்காக இன்னொரு அணி தன் டிராஃப்டையே மாற்றிக்கொண்டது! எந்தப் புள்ளிவிவரமும் காட்டாத மதிப்பு இது.

மாஸுக்கு எதிராகவும் பேச நிறைய இருக்கிறது. ஆர்வம் இல்லாத நாளில் பாதி வேகத்தில் ஓடுவார். 2006இல் ஓக்லண்டில் 553 யார்டோடு முடிந்துபோனார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை வெறும் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கியது. அடுத்த சீசனிலேயே 23 டச்டவுன். ஒரே சீசனில் அத்தனை டச்டவுன் பிடித்தவர் வேறு யாருமில்லை. முந்தைய ஆண்டு சரிவுக்கு அணி காரணமா, அவரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டும்தான்.

ஃபிட்ஸ்ஜெரால்டிடம் இந்தச் சந்தேகமே எழாது. 2012இல் மட்டும் அரிசோனா நான்கு குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கியது. அப்படிப்பட்ட சீசன்களையும் முகம் சுளிக்காமல் ஆடியவர் அவர். கர்ட் வார்னர் என்ற நல்ல கை கிடைத்த 2008 சீசனின் நாக்கவுட் சுற்றில் நான்கே ஆட்டங்களில் 546 யார்டும் ஏழு டச்டவுனும் எடுத்தார். டெட்ராய்டின் கால்வின் ஜான்சனும் அதே ரகம். நான்கே வெற்றி பெற்ற அணியில் 2012இல் 1,964 யார்டு எடுத்தார். 17 ஆட்ட சீசன் வந்த பிறகும் அந்தச் சாதனை உடையவில்லை. முப்பது வயதில் அவர் விலகிவிட்டார். அதனால் மொத்தக் கணக்கில் பின்தங்கி நிற்கிறார்.

இனி ரைஸ். அவருக்கு ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங் என்று இரண்டு மகத்தான குவார்ட்டர்பேக்குகள் கிடைத்தார்கள், அதனால்தான் இவ்வளவும் என்பார்கள். 1986இல் மொன்டானா முதுகு அறுவைச் சிகிச்சையால் பாதி சீசன் வெளியே இருந்தார். மாற்று ஆட்களையும் வைத்துக்கொண்டு ரைஸ் அந்த ஆண்டு 1,570 யார்டு எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். மறு ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தம். அவர் ஆடியது 12 ஆட்டம், பிடித்த டச்டவுன் 22. மாஸின் 23க்கு 16 ஆட்டம் தேவைப்பட்டது. 2002இல், வேறு அணியில், வேறு குவார்ட்டர்பேக்கோடு, நாற்பது வயதில் 1,211 யார்டு. எந்தச் சாக்கைச் சொல்லிக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருப்பது பெரிதாகவே இருக்கிறது.

மிசிசிப்பியின் கிராஃபர்டு என்ற சிற்றூர்க்காரர். அப்பா கொத்தனார், சகோதரர்கள் வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியவர். வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவரது ஒவ்வொரு ஓட்டமும் முதல் ஐந்து அடியில் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று கார்னர்பேக்கால் கண்டுபிடிக்க முடியாது. சீசன் இல்லாத மாதங்களில் கலிபோர்னியாவின் சான் கார்லோஸில் உள்ள குன்றுப் பாதையில் அவர் ஏறி ஓடுவதைப் பார்த்துச் சேர்ந்து ஓட வந்த இளைஞர்கள் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார்களாம்.

1989 ஜனவரியில் நடந்த 23ஆவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அவர் 11 பாஸ் பிடித்து 215 யார்டு எடுத்தார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அன்று அவர் பிடிக்காத கடைசிப் பந்து. அவரது அணியான சான் பிரான்சிஸ்கோ மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது; 39 வினாடி மிச்சம்; எல்லைக்குப் பத்து யார்டு. ரைஸ் நகர்ந்ததும் சின்சினாட்டி வீரர்களின் கவனம் அவர் பக்கம் போனது. பந்து போனதோ ஜான் டெய்லரிடம். டச்டவுன், கோப்பை. அந்த ஆறு புள்ளி ரைஸின் கணக்கில் சேரவில்லை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. கையுறையில் ஒட்டும் பசை தடவுவதை லீக் 1981இலேயே தடை செய்திருந்தது. தானும் கொஞ்சம் தடவியதுண்டு என்று 2015இல் ரைஸே ஒப்புக்கொண்டார். அது விதிமீறல்தான், மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் ஆளை விட்டு விலகி நிற்கும் வித்தையைப் பசை தராது. அதனால் என் வரிசை மாறவில்லை: ரைஸ், மாஸ், ஹட்சன், ஃபிட்ஸ்ஜெரால்டு. ஐந்தாவது இடத்துக்கு ஓவன்ஸும் ஜான்சனும் மோதுவார்கள். உச்சத்தில் இருந்தபோது யார் பயமுறுத்தினார் என்று பார்த்தால் ஜான்சன்.

இப்போது ஆடுகிறவர்களில் மின்னசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சன் மீதுதான் எல்லோர் கண்ணும். 2022 நவம்பரில் பஃபலோவில், தோல்வியின் விளிம்பில், கடைசி முயற்சியில் 18 யார்டு தேவைப்பட்டபோது, எதிரணி வீரர் இரண்டு கையாலும் பற்றிய பந்தை ஒற்றைக் கையால் பிடுங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தார் அவர். முதல் ஐந்து சீசனில் 7,432 யார்டு; அந்த வயதில் யாரும் தொடாத கணக்கு. அவர் ஆண்டுக்கு 1,500 யார்டு வீதம், ஒரு சீசன்கூடக் காயத்தில் வீணாகாமல், மொத்தம் 15 ஆண்டு ஆடினால் 22,500 வரும். அப்போதும் ரைஸ் 395 யார்டு முன்னால் இருப்பார்.