மரத்தைச் சுற்றித்தான் கோடு போகணும்

பன்னிரண்டு படிக்கட்டுத் தூண்கள். ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர் உயரம். அடியில் 80 மில்லிமீட்டர் சதுரம், உச்சியில் 40 மில்லிமீட்டர் சதுரம். மேலே போகப் போகத் தூண் சிறுத்துக்கொண்டே கால் சுற்று, அதாவது 90 பாகை, முறுக்கிக்கொள்ள வேண்டும்.

தவுக்கே அந்தத் தாளை நீட்டியபோது என் கை வழக்கம்போல உளியைத்தான் தேடியது. உளி வேண்டாம், கணினியில் வரைந்து கொடு, வெட்டுவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று மலாயில் சொன்னார். திங்கட்கிழமைக்குள் வரைபடம் வேண்டும். முடியாவிட்டால் வேலையை வெளியில் கொடுத்துவிடுவார். இன்று தூண் வெளியில் போனால், நாளை நானும் வெளியில்தான் என்பது சொல்லாமலே விளங்கியது.

சிலிபினில் ஒரு மரப்பட்டறையில் 27 ஆண்டுகளாகக் கடைசல் வேலை செய்கிறேன். வயது 51. எங்கள் பட்டறையில் அதிகம் புழங்குவது ரப்பர் கட்டை. ஒரு காலத்தில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி விறகாக எரித்தார்கள். பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் பதப்படுத்தும் முறை வந்த பிறகு, அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் ஏற்றுமதியாகிறது. தூணுக்கு வேண்டிய கனத்தில் ஒரே கட்டை கிடைப்பது அரிது. பட்டை பட்டையாக அறுத்து, பசையிட்டு ஒட்டித்தான் 80 மில்லிமீட்டர் கொண்டுவருவோம். அதை வீணாக்கினால் நட்டம் கண்ணுக்குத் தெரியும்.

என் அக்கா மகன் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். 1969-இல் ஈப்போவில் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. வெள்ளிக்கிழமை இரவு அவனுடைய மடிக்கணினியில் உட்கார்ந்தேன். “பயப்படாதீங்க மாமா. கீழே ஒரு சதுரம், மேலே ஒரு சதுரம். ரெண்டையும் இணைக்கச் சொன்னா, நடுவுல உள்ளதை அதுவே நிரப்பிடும்” என்றான். கேட் மென்பொருளில் இந்தக் கட்டளைக்கு ‘லோஃப்ட்’ என்று பெயர்.

கீழே 80, மேலே 40. மேல் சதுரத்தை 90 பாகை திருப்பினேன். கட்டளையைத் தட்டினேன். வந்தது முறுக்கே இல்லாத, தலை வெட்டிய கோபுரம்.

காரணம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. சதுரத்தை 90 பாகை திருப்பினால் அது மறுபடியும் அதே சதுரம்தான். நான் திருப்பியது எனக்குத்தான் தெரியும். கணினி கீழ் மூலையை, மேலே பக்கத்தில் இருக்கும் மூலையோடு இணைத்துவிட்டுப் போய்விட்டது. அதன்மேல் தப்பில்லை. முறுக்கு என்பது முடிவில் இல்லை, போகிற வழியில் இருக்கிறது. அந்த வழியை நான் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை வேறு மாதிரி செய்தேன். எந்த மூலை எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்து, நேர்கோடுகளால் இணைத்தேன். திரையில் முறுக்கிய தூண் நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மாவுக்கு 76 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது சிலிபினுக்கு வந்தோம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், “நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா துணி பிழிஞ்ச மாதிரி நடுவுல இளைச்சிருக்கே” என்றார்.

அளந்து பார்த்தேன். 80-க்கும் 40-க்கும் நடுவில் 60 இருக்க வேண்டும். ஏறக்குறைய 45 மில்லிமீட்டர்தான் இருந்தது. படிக்கட்டில் ஏறுகிறவர் பிடிக்கும் தூண் இடுப்பில் கால் பங்கு மெலிந்திருந்தால் பார்வைக்கும் ஆகாது, பலத்துக்கும் ஆகாது.

அம்மா பழைய நாளிதழ் ஒன்றைக் கச்சாங் பூத்தே பொட்டலம்போலக் கூம்பாகச் சுருட்டினார். கீழே ஒரு புள்ளி, சற்றுத் தள்ளி மேலே ஒரு புள்ளி வைத்தார். ஓர் ஊதுவத்திக் குச்சியை எடுத்து, ஒரு புள்ளியில் குத்தி மறுபுள்ளியில் வெளியே இழுத்தார். “நீ இப்படிப் போயிருக்கே. மரத்துக்குள்ள பூந்து போயிட்டே. மரத்தைச் சுத்தித்தான் கோடு போகணும்” என்று சொல்லி, விரலால் காகிதத்தின் மேலே வளைத்துக் காட்டினார்.

அந்த விரல் பல்லாயிரம் முறை போட்ட கோடு அது. பால்வெட்டுக் கோடு மரத்தை அரைச் சுற்றுச் சுற்றும். இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் கீழே இறங்கும். சரிவு ஏறத்தாழ 30 பாகை. 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தில் கணக்குப் போட்டால், கோட்டின் நீளம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர், இறக்கம் 14 சென்டிமீட்டர். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. சில பாகை வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கிறது. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் உருவாக்கியவர் ஹென்றி ரிட்லி. அதைத் தினமும் இருட்டோடு எழுந்து கையால் செய்தவர்கள் நம் தாய்மார்கள்.

“விதை மரம் அடி பெருத்து மேலே சிறுத்திருக்கும். ஒட்டு மரம் மேலும் கீழும் ஒரே பருமனா இருக்கும். விதை மரத்துல வெட்டு கீழே இறங்க இறங்கக் கோடு நீளும், பாலும் கூடும்” என்றார் அம்மா. முறுக்கும் கூம்பும் சேர்ந்த உருவத்தை அவர் அந்தக் காலத்திலேயே படித்திருக்கிறார்.

அன்றிரவே தூணை ஆறு பகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு 100 மில்லிமீட்டர் உயரத்திலும் ஒரு சதுரம். அடியிலிருந்து 80, 73.3, 66.7, 60, 53.3, 46.7, 40. ஒவ்வொன்றையும் அதற்குக் கீழே உள்ளதைவிட 15 பாகை கூடுதலாகத் திருப்பினேன். இப்போது பக்கத்து மூலை எது என்பதில் கணினிக்குக் குழப்பமில்லை. ஏழு சதுரங்களையும் வரிசையாக இணைக்கச் சொன்னேன். தூண் சுற்றிக்கொண்டே ஏறியது. நடுவில் அளந்தேன். 60.

பெரிய கட்டடங்களிலும் இப்படிப் படிப்படியாகத் திருப்பும் வழி உண்டு. சுவீடனின் மால்மோ நகரில் 2005-இல் முடிந்த ‘டர்னிங் டோர்சோ’ 190 மீட்டர் உயரம். ஒன்பது அடுக்குகளாகப் பிரித்து, அடிக்கும் உச்சிக்கும் இடையே 90 பாகை திருப்பியிருக்கிறார்கள். 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் முறுக்கிக்கொண்டே சிறுத்தும் போகிறது. அங்கே அது அழகுக்கு மட்டுமல்ல. காற்றின் தாக்கம் 24 விழுக்காடு குறையும் என்று சோதித்து அமைத்த வடிவம் அது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘ஓப்பன்எஸ்கேட்’ என்ற இலவச மென்பொருளில் எலியைப் பிடித்து இழுத்து வரைய வேண்டாம். எழுதினால் போதும். உயரம் 600, முறுக்கு 90, உச்சி அடியில் பாதி என்பதால் 0.5. எத்தனை அடுக்கு என்று ஓர் எண்ணும் கொடுக்கலாம். அதை மிகக் குறைவாக வைத்தால் அங்கேயும் உருவம் கெட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு கேள்வி கேட்டார். “பன்னிரண்டும் ஒரே பக்கம்தான் சுத்துதா?” எனக்கு அது தோன்றவே இல்லை. தவுக்கேயை அழைத்துக் கேட்டேன். அவரும் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொன்னார். படிக்கட்டின் இரு பக்கத்துக்கும் ஆறாறு தூண், எதிரெதிராக முறுக்க வேண்டுமாம். உளி வேலையில் இதைப் பாதியில் கண்டுபிடித்திருந்தால் கட்டை போனது போனதுதான். கணினியில் ஒவ்வொரு 15-க்கும் முன்னால் கழித்தல் குறி போட்டேன். பத்து நிமிடம்.

திங்கட்கிழமை முதல் தூண் வெட்டி முடிந்ததும் நடுவில் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வேலைக்கான தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூலைகளில் இயந்திரம் விட்டுவைத்த பிசிறை உளியால்தான் எடுத்தேன். முதல் தூணை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் ஒப்படைத்தேன். அம்மா கட்டைவிரலை அடியிலிருந்து உச்சிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம மரமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.