நிலவேம்பின் கசப்பு எதனால்?

நிலவேம்புக் கஷாயத்தை நாவில் வைத்த மாத்திரத்தில் முகம் சுளிக்காத குழந்தை உண்டா? அக்கசப்புக்குப் பிரதான காரணம், 1911-ஆம் ஆண்டில் கோர்ட்டர் என்னும் ரசாயன அறிஞர் பிரித்தெடுத்துப் பெயரிட்ட, 20 கரியணுக்களும் 30 ஹைட்ரஜன் அணுக்களும் 5 பிராணவாயு அணுக்களும் கூடி அமைந்த 'ஆண்ட்ரோகிராபோலைடு' என்னும் வஸ்துவே. அது நீரில் அரிதாகவும் மதுசாரத்தில் எளிதாகவும் கரையும் இயல்புடையது. ஆகையினாலேயே, ஒரே இலையிலிருந்து எடுத்தபோதிலும், கொதிநீரில் காய்ச்சிய கஷாயமும் மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சத்தும் குணத்தால் ஒன்றாவதில்லை. உயிரணுக்களுக்குள் அழற்சியை ஏவுகின்ற ஒரு புரதத்தோடு இவ்வஸ்து பிணைந்து, அதன் வேகத்தைத் தணிப்பதை ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. இதை மகத்தான செய்தியென்றே கருதுகிறேன். எனினும், விழுங்கியதில் சொற்பமே இரத்தத்தை அடைவதால், கண்ணாடிக் குழாயில் கண்ட பலன் மனித தேகத்தில் அப்படியே விளையுமென்று கொள்வதற்கில்லை. கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும். சுரத்துக்காக இதை அருந்தியும் அச்சுரம் நீடித்தால், கஷாயத்தோடு நின்றுவிடாமல், வைத்தியரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.