படகு வாங்குவது கடைசி வேலை

நீர்ச்சறுக்குத் தளம் தொடங்க ஆசைப்படுகிறவரின் கால்கள் முதலில் இழுத்துக்கொண்டு போவது படகுக் கண்காட்சிக்குத்தான். பளபளக்கும் பக்கவாட்டு, தையல் போட்ட இருக்கைகள், வி8 எஞ்சின், நட்டநடுவில் இழுவைக் கயிறு மாட்டும் எஃகுக் கம்பம். போட்டிகளுக்கு ஏற்ற புதிய படகின் விலை ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டி வெகுநாளாகிறது. கடன் வாங்கியாவது முன்பணத்தைக் கட்டிவிட்டு, ஏரி, குத்தகை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஒரு தளம் பிழைப்பதையும் மூடப்படுவதையும் தீர்மானிப்பவை தண்ணீர், சத்தம், நேரம் ஆகிய மூன்றும்தான். படகு அவற்றுக்குப் பின்னால் வருவது. இந்த விளையாட்டு ஏரிக்கரைவாசிகளோடு நெடுநாள் மல்லுக்கட்டிய இங்கிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

விண்டர்மியரை எடுத்துக்கொள்வோம். சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள அது இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. நீர்ச்சறுக்கு அங்கே பல பத்தாண்டுகள் வேரூன்றியிருந்தது. அதை நம்பிக் கடைகளும் பயிற்சிப் பள்ளிகளும் இருந்தன. பக்கத்து ஏரிகளான அல்ஸ்வாட்டர், கானிஸ்டன், டெர்வென்ட்வாட்டர் ஆகியவற்றில் ஏற்கெனவே வேகக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், எஞ்சியிருந்த புகலிடம் இது ஒன்றுதான். தேசியப் பூங்கா நிர்வாகம் இங்கும் மணிக்கு 10 மைல் வரம்பு கேட்டது. 1990களின் நடுவில் நீண்ட பொது விசாரணை நடந்தது. அரசு முதலில் மறுத்தது. 2000ல் ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டு அவகாசம் முடிந்து 2005 மார்ச்சில் விதி நடைமுறைக்கு வந்தது. பத்து மைல் என்றால் சுமார் 16 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வளர்ந்த ஆள் ஒருவரைப் பலகை மேல் எழுந்து நிற்கவைக்க முடியாது. தடை என்ற சொல்லே இல்லாமல் விளையாட்டு முடிந்துபோனது. அன்று ஏரியில் மிதந்த படகுகளில் உலகின் சிறந்த ரகங்களும் இருந்தன. அவற்றின் தரத்தைப் பற்றி அந்த விசாரணையில் யாருக்கும் கவலை இல்லை.

அது பொது ஏரி, மக்கள் கூடும் இடம். நமக்கென்று தனியாக ஒரு குட்டை இருந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இதற்கான பதில் குளோஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டு அருகே இருக்கும் ஓர் ஏரியில் கிடைக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு விசைப்படகு கிளப் பந்தயங்களும் நீர்ச்சறுக்கும் நடத்திவந்தது. கரையோரம் ஒரு பெண்மணி வீடு கட்டி 1972ல் குடிவந்தார். சத்தம் பொறுக்காமல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தொல்லை உண்மைதான் என்று ஏற்றது. ஆனால் தடை விதிக்காமல், கடந்தகாலத்துக்கும் வருங்காலத்துக்கும் சேர்த்து 16,000 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 1980ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வருங்காலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தொல்லையைத் தொடர்வது சரியல்ல என்று தடையாணை பிறப்பித்தது. ஆண்டுக்கு எத்தனை பந்தயம், எத்தனை நாள் என்று எண்ணிக்கொடுத்தது. மற்ற நாட்களில் 75 டெசிபலுக்கு மேல் இரையும் படகு கூடாது. நீர்ச்சறுக்குக்கு ஒரே சமயத்தில் ஆறு படகுக்கு மேல் கூடாது. கிளப் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது என்ற வாதம் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. சஃபோக்கில் ஒரு மோட்டார் பந்தயத் திடலைப் பற்றிய வழக்கில் 2014ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தடையாணைக்குப் பதில் நஷ்டஈடு வழங்க நீதிபதிகள் இன்னும் தாராளமாக இருக்கலாம் என்றது. ஆனால் அதே தீர்ப்புதான், திட்ட அனுமதி கையில் இருப்பதாலேயே தொல்லை தொல்லை இல்லாமல் போய்விடாது என்றும் சொன்னது. ஆக, நகராட்சி முத்திரை குத்திய காகிதம் போதும் என்று நினைத்து ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர் பாதி அனுமதியோடுதான் தொழிலில் இறங்குகிறார். மீதிப் பாதி வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்களிடம் இருக்கிறது.

இனி தண்ணீருக்கு வருவோம். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பாதையின் அளவு உலகம் முழுக்க ஒன்றே. நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை 259 மீட்டர். சறுக்குபவர் சுற்றிவர வேண்டிய ஆறு மிதவைகள் இருபுறமும் மாறிமாறி, நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். படகு நடுவில், வெறும் 2.3 மீட்டர் இடைவெளியுள்ள ஜோடி மிதவைகளுக்குள் நேர்கோட்டில் ஓடவேண்டும். இதைக் கேட்டதும் 300 மீட்டர் குளம் போதுமே என்று தோன்றும். போதாது. வேகம் பிடிக்க முன்னால் இடம், வேகம் குறைத்துத் திரும்பப் பின்னால் இடம் எல்லாம் சேர்ந்து சுமார் 600 மீட்டராவது நீளம் வேண்டும். அகலத்தைவிட முக்கியம் கரையின் சரிவு. செங்குத்தான கரையில் மோதும் அலை அப்படியே திரும்பிவந்து பாதையைக் கலக்கிவிடும். தாழ்ந்து சரிந்து புல் முளைத்த கரை அலையை விழுங்கிவிடும். அமெரிக்காவில் இதற்கென்றே வெட்டும் ஏரிகளில் இரு முனையிலும் மண்தீவு ஒன்றை விட்டுவைப்பதும், அதைச் சுற்றித் திரும்பும்போது எழும் அலை பாதைக்குள் வராமல் தடுக்கத்தான். தீவு இல்லாத இடத்தில் ஓட்டுநர் வட்டமடிக்காமல் வேகத்தை அடக்கி, வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். ஓட்டுநர் பழக்கப்பட்டவரா என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் தளங்கள் பெரும்பாலும் சரளைக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரிகளில் அமைந்திருக்கின்றன. காட்ஸ்வோல்டு நீர்ப்பூங்காவில் மட்டும் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். கல் எடுத்தவர்கள் அலையைப் பற்றியா நினைத்திருப்பார்கள்? நீளம் இருக்கும் குழியில் கரை செங்குத்தாக இருக்கும்; கரை நன்றாக இருக்கும் குழியில் நடுவில் மேடு தட்டும். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஆழத்தை அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது நேரம். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 259 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் 16 விநாடிக்குச் சற்று மேல். ஒருவர் ஒரு முறை இறங்கினால் ஆறோ எட்டோ ஓட்டம் போவார். நடுவே மூச்சு வாங்குவது, கயிற்றைக் குறைப்பது, விழுந்தவரைத் திரும்ப எடுப்பது எல்லாம் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு நிமிடம். ஒரு பாதையில் ஒரு படகுதான் ஓட முடியும். ஆள் மாறும் நேரமும் போக மணிக்கு நாலைந்து பேர். காலை முதல் மாலை வரை இடைவிடாமல் ஓட்டினாலும் நாளைக்கு நாற்பது பேரைத் தாண்டுவது கடினம். இங்கிலாந்தின் கோடை குறுகியது. காற்றும் மழையும் அதிலும் பங்கு கேட்கும். நீலப்பச்சைப் பாசி பூத்துவிட்டால் தண்ணீரில் யாரையும் இறக்க முடியாது. இரண்டாவது படகு வாங்கினால் வருமானம் இரட்டிப்பாகும் என்று கனவு காண்பவர் இந்தக் கணக்கைப் போடாதவர். வருமானத்தின் உச்சவரம்பை ஏரி முன்பே எழுதிவைத்துவிட்டது.

இவை தீர்ந்த பிறகே எந்தப் படகு என்ற கேள்வி. அதற்கு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1922ல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர், நுனியை வளைத்த மரப்பலகைகளில் நின்று முதன்முதலாகச் சறுக்கியபோது, கிடைத்த படகைக் கட்டி இழுத்தார்கள். இதற்கென்று தனிப் படகு உருவாக நெடுங்காலம் ஆனது. லியோ பென்ட்ஸ் வடிவமைத்த ஸ்கி நாட்டிக்கை 1961ல் ஃபுளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் வாங்கியது. 1968ல் டென்னசியில் நீர்ச்சறுக்குப் பள்ளி நடத்திய ராப் ஷர்லி மாஸ்டர்கிராஃப்ட்டைத் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் தேடியது ஒன்றே: பின்னால் எழும் அலைத்தடம் தாழ்வாக, மெத்தென்று இருக்கவேண்டும். எஞ்சினைப் படகின் நடுவே வைத்து, அடிப்பகுதியைத் தட்டையாக்கியதெல்லாம் அதற்காகவே. புரொப்பல்லர் படகுக்கு அடியில் மறைந்திருப்பதால், தண்ணீரில் கிடக்கும் ஆளுக்குப் பின்புற எஞ்சின் படகைவிட ஆபத்தும் குறைவு. சறுக்குபவருக்குப் பிடித்த தாழ்ந்த அலைதான் கரைக்கும் பிடித்தது. அதனால் தளம் நடத்துபவர் பார்க்கவேண்டியது அலையின் உயரமும் புகைப்போக்கியின் இரைச்சலும். இருக்கையின் தையல் அல்ல.

புதுப்படகு இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்கள் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். தரவரிசைப் போட்டி நடத்தும் தளத்துக்கு இது பொருந்தும். அங்கே வேகத்தை ஜிபிஎஸ் கொண்டு கட்டுப்படுத்தும் ஜீரோ ஆஃப் கருவி எதிர்பார்க்கப்படுகிறது. அது மின்னணு த்ராட்டில் உள்ள எஞ்சினோடுதான் இணங்கும். ஆனால் வாரக்கடைசியில் உறுப்பினர்கள் பயிற்சி செய்யும் கிளப்புக்கு, பழைய படகில் பெர்ஃபெக்ட்பாஸ் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினாலே போதும். அமெரிக்காவில் அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கு நிறுவனங்கள் புதுப்படகைச் சலுகை விலையில் கொடுக்கும். அவர்கள் ஒரு பருவம் போட்டிகளுக்கு ஓட்டிவிட்டு விற்றுவிடுவார்கள். முதலாண்டு விலைவீழ்ச்சியை இன்னொருவர் தாங்கிக்கொண்ட அத்தகைய படகுதான் அறிவாளிக்குரிய பேரம்.

பழையதை வாங்குபவர் ஆண்டைப் பார்க்காமல் எஞ்சின் ஓடிய மணிநேரத்தைப் பார்க்கவேண்டும். மணிமீட்டரை மட்டும் நம்பாமல் எஞ்சின் மூடியைத் திறந்தும் பார்க்கவேண்டும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால்விட்ட டீயாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏரித்தண்ணீரை நேரே இழுத்துக் குளிரும் எஞ்சின் என்றால், குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் உறைபனி எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது. காய்ந்து ஓடினால் சற்று நேரத்தில் கருகி, அதன் இதழ்கள் பிய்ந்து குழாய்களில் போய் அடைக்கும். ஆண்டுதோறும் மாற்றவேண்டிய மலிவான பொருள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், விற்பவர் தடுமாறுவதிலேயே படகின் வரலாறு தெரிந்துவிடும். மரச்சட்டம் போட்ட பழைய படகுகளில் எஞ்சின் அமர்ந்திருக்கும் போல்ட்டைத் திருகிப் பார்ப்பதும் நல்லது. பிடிமானம் இல்லாமல் சுற்றினால் மரம் உளுத்துவிட்டது, விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

இன்று பலமாக வைக்கப்படும் எதிர்வாதம் புதுப்படகைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியது. படகு எழுப்பும் அலைமேல் சறுக்கும் அலைச்சறுக்குக்கு வரும் கூட்டம் ஸ்லாலத்துக்கு வருவதில்லை. ஆகவே வயிற்றில் தண்ணீர் நிரப்பிப் பெரிய அலை எழுப்பும் படகை வாங்குவதே லாபம் என்கிறார்கள். கூட்டம் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2022ல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகைப் படகுகளைக் கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால் ஓட்டப் பரிந்துரைத்தது. 2024ல் வெர்மான்ட் மாநிலம் அதே 500 அடியையும் 20 அடி ஆழத்தையும் விதியாகவே ஆக்கியது. சரளைக்குழி ஏரி ஒன்றில் இருபுறமும் 500 அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது என்ன? கரை அரிப்புக்கான செலவும் அண்டைவீட்டாரின் புகாரும்தான்.

மின்படகு வந்தால் சத்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. நாட்டிக்கின் ஜிஎஸ்22ஈ என்ற மின்படகு ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதன் பேட்டரி இரண்டு மூன்று மணிநேர ஓட்டத்துக்குத்தான். விலையோ பெட்ரோல் படகைவிட மிக அதிகம். சத்தம் குறையும், அலை குறையாது. தம் ஏரி சிறியது, அண்டைவீடு பக்கத்தில் என்று உணர்ந்தவருக்கு இதைவிட நேர்மையான வழி, ஜெர்மன் பொறியாளர் புருனோ ரிக்ஸன் உருவாக்கிய கம்பிவட இழுவை. கோபுரங்களுக்கிடையே மின்மோட்டார் சுற்றும் வடத்தில் ஒரே சமயத்தில் பலர் சறுக்கலாம். எஞ்சின் இரைச்சல் இல்லை, படகு எழுப்பும் அலையும் இல்லை. படகின் பின்னால் சறுக்குவதே வேறு சுகம் என்று ஸ்லாலம்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் சில ஏரிகள் படகுக்கு உரியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு இந்தத் தொழிலில் அரிதாகவே இருக்கிறது.

எனவே தளம் தொடங்க நினைப்பவருக்கு ஒரு வேண்டுகோள். முதல் பணத்தை ஏரியின் ஆழத்தை அளப்பவருக்கும், வேலிக்கு அப்பால் டெசிபல் கணக்கெடுப்பவருக்கும், குத்தகையைப் படித்துப் பார்க்கும் வக்கீலுக்கும் கொடுங்கள். எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டுவீர்கள் என்பதை நீங்களே எழுதி அக்கம்பக்கத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றம் எழுதிக்கொடுக்கும் நேர அட்டவணை அதைவிடக் கடுமையாக இருக்கும். முதல் இரண்டு மூன்று பருவங்களுக்கு நன்றாகப் பராமரித்த பழைய படகு ஒன்று போதும்.