பாதையற்ற இடத்திற்கு ஒரு வாகனம்

சாலையே இல்லாத நிலத்திலும் செல்லக்கூடிய வாகனங்களை உருவாக்கும் தொழிலை இளம்பிராயத்திலேயே தொடங்கியவர்களுள் முக்கியமானவர், கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு ஜனித்த ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியே ஆவார்.

பழைய ஃபோர்டு காரின் இயந்திரத்தைப் பனிச்சறுக்கு வண்டியொன்றில் பொருத்தி, பின்புறத்தில் ஆகாய விமானத்துக்குரியது போன்ற சுழல்விசிறியையும் அமைத்து, 1922ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, தமது பதினைந்தாம் வயதில், ஊரார் பிரமிக்க அவர் வீதியிலே ஓட்டி வந்தபோது, அபாயத்தை உணர்ந்த தந்தையார் அதனைப் பிரித்துவிடும்படி ஆக்ஞாபித்தார். ஆயினும் உற்சாகம் குன்றாத அவ்விளைஞர், குருமார் கல்விச்சாலையைத் துறந்து, மோட்டார்ப் பட்டறைகளிலே வேலை பயின்று, பத்தொன்பதாம் வயதில், 1926இல், சொந்த ஊரிலேயே ஒரு பட்டறையைத் திறந்து, கார்களைச் செப்பனிட்டு ஈட்டிய வருமானத்தைத் தம் பரிசோதனைகளுக்குச் செலவிட்டார்.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய பாதையினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் தம் சிறு மைந்தனைப் பறிகொடுத்த துக்கம், அவருடைய சங்கற்பத்தை மேலும் உறுதிப்படுத்தியது. ரப்பர் பட்டையைப் பல்சக்கரத்தினால் இயக்கும் அவரது அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிட்டியது; 1953இல் சதுப்பு நிலங்களில் செல்லும் ‘மஸ்கெக்’ டிராக்டரும், 1959இல் ‘ஸ்கீ-டூ’ என்னும் பனிவண்டியும் பிறந்தன.

இத்துறையில் பிரவேசிக்க விரும்பும் இளைஞர்களே, அவரைப் போலவே முதலில் ஒரு பட்டறையில் சேர்ந்து பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.