ஆயிரம் செடி, ஒரே உயிர்

டீ ஆறட்டும். அதற்குள் திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே இருக்கும் பூக்கடைகளைக் கொஞ்சம் பாருங்கள். முழம் போட்டு விற்கும் அந்த ஆரஞ்சுப் பூ டெல்லி கனகாம்பரம் என்றால், அந்தச் செடி விதையிலிருந்து முளைத்ததல்ல. அதற்குக் குரோமோசோம் தொகுதிகள் மூன்று. ஒற்றைப்படையாக இருப்பதால் விதை பிடிக்காது. குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். தோட்டம் தோட்டமாக நின்றாலும் மரபணுக் கணக்கில் அத்தனையும் ஒரே செடிதான். ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும்.

தோட்டத்தில் வேறு ரகம் போட்டுச் சமாளிக்கலாம். காட்டில் அது முடியாது. டாஸ்மேனியாவில் மட்டுமே வளரும் லொமேஷியா டாஸ்மானிகா என்ற சிவப்புப் பூப் புதருக்கும் மூன்று தொகுதிகள்தான். நூற்றுக்கணக்கான தண்டுகள் நிற்கின்றன. அத்தனையும் ஒரே உயிர் என்று 1998-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வயது குறைந்தது 43,600 ஆண்டுகள் என்று கணிக்கிறார்கள்.

வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த ஒற்றுமை வேற்றுமையைக் காட்டுவதுதான் மரபணு மார்க்கர். இலையைப் பொடித்து, சோப்பு வகைக் கரைசலில் சூடாக்கி, வடித்தெடுத்து, குளிர்ந்த ஆல்கஹால் விட்டால் டிஎன்ஏ வெள்ளை இழையாகத் திரளும். அதில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு செடியில் 12 தடவை வருவது இன்னொன்றில் 15 தடவை வரலாம். பிசிஆர் இயந்திரம் அந்த இடத்தை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுக்கும். நகல்களை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டு முந்தும், பெரிய துண்டு பிந்தும். பட்டை பட்டையாகத் தெரியும். ஆரணிப் பட்டுப் புடவையை அதன் கரையைப் பார்த்து அடையாளம் சொல்வதுபோல, இந்தப் பட்டைகளைப் பார்த்துச் செடியை அடையாளம் சொல்லலாம். தாய்வழி ஒரு பட்டை, தந்தைவழி ஒரு பட்டை. பார்க்கும் இடமெல்லாம் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே விதை கட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது நம் நீலக்குறிஞ்சிக்கு வருவோம். நீலகிரி, பழனி மலை, மூணாறு தவிர கிழக்கே சேர்வராயன் மலையிலும் அது உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடியும். ஒரு சரிவே ஒரே வயதுச் செடிகளால் நிறைந்திருக்கும். பழனியில் தேனெடுக்கும் தேனீ சேர்வராயனுக்குப் பறந்து வராது. ஒதுங்கி நிற்கும் அந்தக் கூட்டம் வேறெங்கும் இல்லாத மரபைக் காத்து வைத்திருக்கலாம்; உறவு சுருங்கி நலிந்தும் இருக்கலாம். பூவைப் பார்த்தால் இது தெரியாது. இலை சொல்லிவிடும், அதுவும் பூக்கும் வரை காத்திருக்காமல்.

அரிய செடியைக் காப்பவர்கள் தலைகளை எண்ணி நிம்மதி அடையக் கூடாது. வேற்றுமைகளை எண்ண வேண்டும். 2018-இல் மூணாற்றில் பூத்தது 2030-இல் மறுபடி பூக்கும். விதை சேகரிக்க அந்த ஒரு பருவம்தான். எந்தச் சரிவில், எத்தனை செடியிலிருந்து எடுப்பது, எந்த மலை விதையை எதனோடு கலக்காமல் வைப்பது என்பதையெல்லாம் அதற்கு முன்பே இலைகளைச் சோதித்து முடிவுசெய்துவிட வேண்டும்.